அப்பத்தாவின் மீன் கணக்கு

மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் வைகாசி வாக்கில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். விடிவதற்குள் சுற்றுவட்டாரமே கரையில் கூடிவிடும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். வீசின அடுத்த நொடி அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருப்போம். ஊத்தாக் கூடையை அமுக்கிக் கையை உள்ளே விட்டுத் துழாவுகிறவர்கள், கச்சா வலையோடு இறங்குகிறவர்கள், சேலையை விரித்துப் பிடிக்கிற பெண்கள், வெறுங்கையால் சேற்றைத் தடவுகிற பிள்ளைகள். பிடித்ததை விற்பதில்லை, வீட்டுக் குழம்புக்குத்தான். அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே வாசம்.

அப்பத்தா தண்ணீரில் இறங்காது. வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் கொண்டுவந்து கொட்டுவதை இனம் பிரிக்கும். விரால் ஒரு சட்டியில். கெளுத்தி ஒரு சட்டியில், அதுவும் முள்ளை ஒடித்த பிறகுதான். குரவை, உளுவை, ஆரால், அயிரை எல்லாம் தனித்தனியாக. கடைசியில் ஒரு பெரிய குவியல் மிஞ்சும். அது ஜிலேபிக் கெண்டை.

1988இல், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அந்தக் குவியலிலிருந்து ஒரு கனத்த ஜிலேபியை எடுத்து அதன் வாயை விரலால் திறந்துகாட்டியது அப்பத்தா. உள்ளேயிருந்து கண்ணும் வாலுமாகப் பொடிப்பொடிக் குஞ்சுகள் உள்ளங்கையில் விழுந்தன. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் இனம் அது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பத்தா சொன்னது: “இது நம்ம கம்மா மீனு இல்லத்தா. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்க கெடையாது. ஒங்கப்பன் நடை பழகுன வருசந்தான் இத மொதமொதலாப் பாத்தேன்.”

அப்பா பிறந்தது 1955. ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் திலாப்பியா, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். வளர்ப்புக்காக அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது 1952இல். இதைக் கல்லூரியில் படித்த அன்று விடுதி அறையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவின் கணக்கு அப்படியே பொருந்தியது.

கப்பல்களோடு வந்து சேர்கிற கடல் உயிரினங்களை ஆராய்வதுதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. எத்தனை துறைமுகம், எத்தனை நுண்ணோக்கி, எத்தனை அறிக்கை! எல்லாம் கடைசியில் அப்பத்தா பதில் சொன்ன அந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். இது இங்கே எப்போதிலிருந்து இருக்கிறது?

மதுரையில் விலங்கியல் படித்தபோது எங்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார்கள். கடலில் பல மாதம் கிடந்த ஒரு மிதவையைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். இரும்பு ஒரு விரற்கடை கூடத் தெரியவில்லை. கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு, பாசி, அதற்குள் ஊரும் புழு, நண்டுக்குஞ்சு என்று ஒரு தெருவே குடியிருந்தது. எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகும் நான் அங்கேயே குத்தவைத்திருந்தேன். “மதுரைக்காரிக்குக் கடல்ல என்னடி வேலை?” என்று அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மிதவைதான் என் பதில்.

கப்பல் ஏன் உயிரினங்களைச் சுமக்கிறது என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர்க் கிணற்றை வைத்துத்தான் சொல்வேன். வெறும் குடத்தைக் கிணற்றில் போட்டால் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கும். கப்பலும் அப்படித்தான். சரக்கை இறக்கியதும் லேசாகி மேலே எழும்பிவிடும், கப்பலைத் தள்ளும் சுழலி பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், அலையில் ஆடும். அதனால் சரக்கு இறக்கும் துறைமுகத்திலேயே கடல்நீரை இழுத்துத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. அடுத்த ஊரில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டிவிடுகிறது. கப்பல்காரர்கள் இதைப் பாலாஸ்ட் தண்ணீர் என்பார்கள். பாய்மரக் காலத்தில் இந்த வேலையைக் கல்லும் மணலும் செய்தன. குறைகுடம் கூத்தாடும் என்பதும் கப்பலுக்குச் சரியாகப் பொருந்தும். தொட்டி அரையும் குறையுமாக இருந்தால் தண்ணீர் அங்குமிங்கும் அலைந்து கப்பலையே சாய்க்கப் பார்க்கும். ஆகவே முடிந்தவரை ஒரு தொட்டியை முழுக்க நிரப்புவார்கள், இல்லையென்றால் முழுக்கக் காலியாக வைப்பார்கள்.

நடுத்தரமான ஒரு நிலக்கரிக் கப்பல் இருபதாயிரம் டன் பாலாஸ்ட் தண்ணீர் எடுக்கும். மதுரைத் தெருக்களில் வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இதை அளந்தால் ஆயிரத்து அறுநூறு லாரிக்கு மேல். உலகம் முழுக்க ஆண்டுக்கு 300 கோடி முதல் 500 கோடி டன் வரை இப்படி இடம் மாறுவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் உயிருள்ள தண்ணீர். மீன் முட்டை, சிப்பியின் குஞ்சு, நண்டின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பாசி, நோய்க்கிருமி எல்லாம் அதில் பயணம் போகின்றன. 1991இல் தென் அமெரிக்காவைக் காலரா உலுக்கிக்கொண்டிருந்தபோது, அதே வகைக் கிருமியை அமெரிக்க வளைகுடாக் கரைக்கு வந்த கப்பல்களின் பாலாஸ்ட் தண்ணீரில் கண்டுபிடித்தார்கள்.

இந்தத் துறைக்கு வழி போட்டவர் ஜேம்ஸ் கார்ல்ட்டன் என்ற அமெரிக்கர். அவரும் ஜொனாதன் கெல்லரும் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கூஸ் விரிகுடாவுக்கு வந்த 159 கப்பல்களின் தண்ணீரை வலைபோட்டு அரித்தார்கள். 367 வகை உயிரினங்கள் கிடைத்தன. 1993இல் வந்த அந்தக் கட்டுரையின் நகல் கைக்குக் கிடைத்த நாளில் நான் அதை நான்கு தடவை படித்தேன். எங்கிருந்து வந்தது, சொந்த ஊரா வந்தேறியா என்று தீர்மானிக்க முடியாத உயிரினங்களுக்கென்று ஒரு தனிப் பெயரையும் பின்னால் கொடுத்தவர் கார்ல்ட்டன்தான். அப்படி ஒரு தனிப் பெயர் தேவைப்பட்டதற்குக் காரணம் எளிமையானது. கப்பல்கள் பல நூறு வருடங்களாக ஓடுகின்றன, உயிரினங்களை எண்ணுகிறவர்கள் ரொம்பப் பின்னால்தான் வந்தார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் சரியாகப் புரிந்துகொள்ளாத ஒரு விஷயம் உண்டு. வெளிநாட்டுக் கப்பல் வந்தாலே வெளிநாட்டுத் தண்ணீர் வருகிறது என்று நினைத்திருந்தேன். தூத்துக்குடிக்கு நிலக்கரி சுமந்து வரும் கப்பல் நிறைசுமையோடு வருகிறது, அதில் பாலாஸ்ட் பெரிதாக இருக்காது. இறக்கிவிட்டு நம் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போகிறது. சரக்கு இறங்கும் துறைமுகம் தண்ணீரை அனுப்பி வைக்கும், சரக்கு ஏறும் துறைமுகம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். இரும்புத்தாது ஏற்றிய விசாகப்பட்டினம் வாங்கிக்கொண்ட ஊர். அப்படியானால் தூத்துக்குடிக்கு ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. கப்பலின் வயிற்றில் வராதது முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். நான் பார்த்த மிதவை போலத்தான் கப்பலின் அடிப்பாகமும்.

கப்பலில் தண்ணீர் எடுக்கப் போகிற நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலைத் துறையில் கட்டியதும் ஏறிப்போய் முதன்மை அதிகாரியிடம் கடிதத்தைக் கொடுப்போம். சிலர் டீ கொடுத்து வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, ஏணிப்படியைக் கையால் காட்டினார். அனுமதி கிடைத்தால், சித்திரை வெயிலில் கொதிக்கும் மேல்தளத்தில் முழங்கால் போட்டு, பாலாஸ்ட் தொட்டியின் வட்டமூடித் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். மூடி திறந்ததும் துருவும் சேறும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். உள்ளே இறங்கக் கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடுவதால், மூடிக்கிடந்த தொட்டிக்குள் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறந்ததுண்டு. மேலிருந்தே வலையை இறக்கி மெதுவாக இழுப்போம். வலையின் அடியில் கட்டிய சின்னக் குடுவையில் கலங்கலாக ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். புள்ளிகள் துள்ளும். எத்தனையோ நாள் இருட்டில் கிடந்து, எத்தனையோ ஆயிரம் மைல் கடந்து, இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தேன்.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முதல் வருடம் துறைமுகத் தூண்களிலிருந்து சுரண்டி எடுத்தவற்றைச் சாராயக் குப்பிகளில் போட்டு, எந்தத் தூண், எந்த ஆழம், எந்தத் தேதி என்று சீட்டெழுதி உள்ளே போட்டேன். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். சில மாதம் கழித்துப் பார்த்தால் சீட்டெல்லாம் வெள்ளைத் தாள். மை சாராயத்தில் கரைந்துபோயிருந்தது. நாற்பத்து மூன்று குப்பி. உள்ளே இருந்த உயிர்கள் ஒன்றும் கெடவில்லை, கால்கூட உடையாமல் இருந்தன. ஆனால் எப்போது, எங்கே என்பது போய்விட்டது. அது போனால் அவை வெறும் சிப்பி, வெறும் புழு. ஆய்வகத்தில் வயதான உதவியாளர் அண்ணன் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து வைத்தார். பென்சில் கரி கரையாது. அன்றிலிருந்து என் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பென்சில் இருக்கும்.

எப்போது, எங்கே என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சிப்பியின் கதையே போதும். கருங்கோடு போட்ட, கட்டைவிரல் நகம் அளவுச் சிப்பி. கரீபியன் பக்கத்துக்காரி. பார்க்க நம் ஊர்க் குட்டிச் சிப்பி மாதிரியே இருக்கும். திறந்து, கூர்முனைக்கு உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், விளக்கு வைக்கும் மாடக்குழியில் ஒரு பலகை அடித்தது போலச் சின்னத் தட்டு ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். விசாகப்பட்டினத்தில் 1967இல் இதை அடையாளம் கண்டார்கள். அப்புறம் மும்பையிலும் தென்பட்டது. இன்றைக்கு நம் கரைகளில் அதைத் துடைத்தெடுக்க யாராலும் முடியாது.

இதே சிப்பி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறைக்கும் வந்தது. 1999 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். ஒரு சதுர மீட்டரில் இருபதாயிரத்துக்கும் மேல் ஒட்டியிருந்தது. ஆனால் அந்த ஊரில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், அதே துறைகளில் என்னென்ன உயிரினம் இருக்கிறது என்று மூழ்கிப் பார்த்துக் கணக்கெடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் இந்தச் சிப்பி இல்லை. ஆகவே இது புதிது, இன்னும் பரவியிருக்காது, இப்போது அடித்தால் உண்டு என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. கதவு போட்டு மூடக்கூடிய மூன்று படகுத்துறைகளை அடைத்து, குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். அங்கே நின்றுவிட்டுப் போன படகுகளையும் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன, அது சாதாரண இழப்பில்லை. ஆனால் சிப்பி ஒழிந்தது. ஓரிடத்தில் காலூன்றிய கடல்சிப்பியை முழுக்க விரட்டியது உலகத்தில் மிக அபூர்வம். கதவுகளும் உதவின, அதிர்ஷ்டமும் உதவியது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பட்டியல் உதவியது என்றே நான் சொல்வேன்.

இதெல்லாம் கடற்கரை ஊர்களின் கவலை, மதுரைக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு வரிக்குதிரைச் சிப்பியைக் காட்டுவேன். அது நன்னீர்ச் சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பக்கம் அதன் பூர்வீகம். நம் வைகை அணை திறந்த அதே 1959இல், அட்லாண்டிக்கிலிருந்து பெருங்கப்பல்கள் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளுக்குள்ளே போக ஒரு நீர்வழியும் திறந்தது. 1988இல் அங்கே இந்தச் சிப்பியைக் கண்டார்கள், நான் அப்பத்தாவின் வாசலில் ஜிலேபிக் குஞ்சைப் பார்த்த அதே வருடம். 1989இல் மிச்சிகனில் மன்ரோ என்ற ஊரின் குடிநீர்க் குழாயை அது அடைத்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஊருக்குத் தண்ணீர் இல்லை. கப்பல் போகும் வழியில் கணக்கிட்டால் கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் உள்ளே இருக்கும் ஊர் அது.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் கறுப்பாக ஒரு சிப்பி சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். தென், நடு அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இனம். பிலிப்பைன்ஸிலும் சிங்கப்பூரிலும் கேரளக் காயல்களிலும் தென்பட்டுவிட்டு நம்மிடம் வந்திருக்கிறது. இறால் சேற்றில் மேயும், சேற்றில் புதைந்து ஒளியும். சேறு சிப்பியால் மூடிவிட்டால் இறாலுக்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களோடு ஒருநாள் முழுக்க இருந்தேன். ஓர் அக்கா தன் கையை என் முன்னால் நீட்டினார். ஐந்து விரலிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், சில பழையவை, சில அன்றைக்குப் பட்டவை. “முன்ன சேறு பஞ்சு மாரி இருக்கும். இப்ப பிளேடு மேல கை வைக்கிற மாரி இருக்கு” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகள் ஸ்கூலில் சேர்ந்த வருடம் முதலில் ஒன்றிரண்டு பார்த்ததாகச் சொன்னார். அப்பத்தாவின் குரல் கேட்டது எனக்கு. நோட்டில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். எங்களைப் போன்றவர்கள் வந்து மாதிரி எடுப்பதற்கு முன்னாலேயே அவர் கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. முதல் ஒன்றிரண்டு தென்படும்போதே அவர் போய்ச் சொல்லவும், சொன்னால் அன்றைக்கே ஒருவர் வந்து பார்க்கவும் ஓர் இடம் ஒவ்வொரு கழிமுகத்திலும் இருக்க வேண்டும். இதை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

சட்டம் வந்திருக்கிறது. பாலாஸ்ட் தண்ணீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை 2004இல் ஏற்றார்கள், 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில், கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால் ஆழ்கடலில் தண்ணீரை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். இப்போது கப்பலுக்குள்ளேயே வடிகட்டி, புற ஊதா ஒளியாலோ குளோரினாலோ சுத்திகரிக்கும் கருவி வைக்கச் சொல்கிறார்கள். கொட்டும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். நான் பார்த்த அந்தத் துள்ளல் குடுவைகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய மாற்றம், இதற்காக உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். கப்பலின் முதுகில் ஒட்டி வருவதற்கு இதே அளவு கறாரான கட்டாயம் வந்தாக வேண்டும்.

பட்டியல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவைச் சுற்றியுள்ள கடல் உயிர்களை வகை வகையாக எழுதி 1927இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. கடலட்டை, பவளம், புழு என்று ஒவ்வொன்றுக்கும் படமும் விவரமும். எத்தனை பேர் எத்தனை நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பார்கள்! வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி ஒன்று அதே குருசடையின் பவளங்கள் மேல் படர்ந்து மூச்சுத் திணற வைப்பதை 2008இல் எழுதியவர்கள் மதுரை ஆய்வாளர்கள். அது கப்பலில் வந்ததில்லை, மனிதர் கையோடு வந்தது. ஆனாலும் மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்கிறவள் நான் மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பத்தா போய்ப் பல வருடம் ஆகிறது. நான் இப்போது மதுரைக்கே வந்துவிட்டேன். திருவிழா நாளில் ஊருக்குப் போய், அப்பத்தா உட்கார்ந்த அதே வாசலில் சட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். வருகிற பிள்ளைகளிடம் கூடையைக் காட்டச் சொல்லி இனம் பிரித்து நோட்டில் எழுதுகிறேன். என்ன கிடைத்தது என்று ஒரு பக்கம், என்ன கிடைக்கவில்லை என்று எதிர்ப்பக்கம். அயிரையை மூன்று வருடமாக எதிர்ப்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

போன வைகாசியில் ஒரு பையன் ஊத்தாவோடு ஓடிவந்தான். உள்ளே உடம்பெல்லாம் கவசம் மாதிரி முரட்டுச் செதில், அடிப்பக்கம் உறிஞ்சும் வாய், முதுகில் பாய்போல நிமிர்ந்த துடுப்பு. பெரியவர்கள் சுற்றி நின்று, என்ன மீன் இது, தின்னலாமா என்று கேட்டார்கள். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வைப்பார்களே, டேங்க் கிளீனர், அதுதான். தென் அமெரிக்க மீன். வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போனதும் யாரோ வாய்க்காலில் விட்டிருக்க வேண்டும். முட்டையிடக் கரையில் வளை தோண்டும் இனம் என்பதால், மண்கரைக் கண்மாய்க்கு அது நல்லதில்லை. திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் கண்மாயில் நான் பார்த்த முதல் டேங்க் கிளீனர் அது.

பையனை உட்காரவைத்து, எந்த மடைப்பக்கம் கிடைத்தது, எவ்வளவு ஆழம், ஒன்றுதானா, கூட இன்னொன்று இருந்ததா என்று கேட்டேன். மீனைக் குப்பியில் போட்டுச் சாராயம் ஊற்றினேன். பென்சிலை எடுத்துச் சீட்டில் ஊர், கண்மாய், மடை, தேதி எழுதினேன். பிடித்தவர் என்று போட்டு அவன் பெயரை எழுத ஆரம்பித்ததும் குனிந்து பார்த்தான்.

“இனிசியலோட எழுதுங்கத்தை.”

இனிஷியலோடு எழுதினேன்.